என் மகன் ஏன் 33-வது வாரத்திலேயே பிறந்தான்?

கேள்வி: எனக்கு வயது 29. இப்போது இரண்டாவது கர்ப்பம், 22-வது வாரம். மூன்று வருடத்துக்கு முன்பு முதல் குழந்தை 33-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். மாலையில் இடுப்பு வலியாகத்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் கர்ப்பப்பை வாய் 3 செ.மீ. திறந்திருக்கிறது என்றார்கள். குழந்தையின் நுரையீரலுக்காக என்று 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்கள். இரண்டாவது ஊசி போட்ட சில மணி நேரத்தில் பிறந்துவிட்டான். கொஞ்ச நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்தான், இப்போது நன்றாக ஓடியாடுகிறான்.

“குழந்தை தயாரானதும் அதுவே கர்ப்பப்பைக்குச் சமிக்ஞை கொடுக்கும்” என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியென்றால் தயாராகாத என் மகன் ஏன் வந்தான்? அந்த வாரம் அலுவலகத்தில் பெரிய பிரச்சினை, தினமும் அழுதேன். என் மனக்கவலைதான் அவனை வெளியே தள்ளியதா? அந்த ஸ்டீராய்டு ஊசிதான் வலியை முடுக்கிவிட்டது என்கிறார் மாமியார். இந்த முறை ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 22 மி.மீ. என்று வந்ததால், தினமும் இரவில் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகள் ரத்தத்தில் இந்த ஹார்மோன் ஏற்கெனவே நிறைய இருக்கும் என்று படித்தேன். பிறகு எதற்கு இது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாமியாரின் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் செம்மறியாடாக இருந்திருந்தால் அவர் சொன்னது சரி. மனிதருக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று பார்த்தால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் முதலில் கொஞ்சம் ஆட்டுக் கதை.

1960-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மான்ட் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது தாயா, குட்டியா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் செயலிழக்கச் செய்தார். தாய் ஆடு ஈனவே இல்லை. சினைக்காலமான ஏறக்குறைய 150 நாளையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் இன்னொரு சோதனை: நாள் நிறைவதற்கு வெகு முன்பே குட்டிக்குக் கார்ட்டிசால் வகை ஹார்மோனைச் செலுத்தினார் (உங்களுக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் இந்த வகைதான்). வலி எடுத்து ஈன்றுவிட்டது. அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் ஐடஹோ பகுதியில் இயற்கையே இப்படி ஒரு சோதனையைச் செய்து காட்டியிருந்தது. சினையான 14-ஆம் நாள் வாக்கில் ஒரு குறிப்பிட்ட காட்டுச் செடியை மேய்ந்த ஆடுகளின் வயிற்றில் ஒற்றைக்கண் குட்டிகள் உருவாயின. பிட்யூட்டரி சரியாக அமையாத குட்டிகள் நாள் கடந்தும் பிறக்காமல் உள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தன.

ஆக, ஆட்டைப் பொறுத்தவரை குட்டிதான் சொல்கிறது. குட்டி முதிர்ந்ததும் அதன் பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும், அட்ரீனல் கார்ட்டிசாலைக் கொட்டும், அந்தக் கார்ட்டிசால் நஞ்சுக்கொடியில் ஒரு நொதியை எழுப்பும். கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன். இந்த நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாறும் வழியில் திருப்பிவிடும். தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிந்து, கர்ப்பப்பையை வலிக்குத் தயார்செய்யும் ஈஸ்ட்ரோஜன் ஏறும். வலி தொடங்கிவிடும். நீங்கள் பார்த்த காணொளி சொன்ன “குழந்தையின் சமிக்ஞை” ஆட்டில் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

மனித நஞ்சுக்கொடியில் அந்த நொதி இல்லை. அதனால் மனிதத் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் வலி எடுத்த பிறகும் குறைவதில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் சரிகிறது. ஸ்டீராய்டு ஊசி ஆட்டில் செய்ததை உங்களிடம் செய்திருக்க முடியாது. அந்த ஊசி பிரசவத்தை முன்னால் இழுப்பதாக இத்தனை ஆண்டு ஆய்வுகளிலும் தெரியவில்லை. இன்னொன்று, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: ஊசி போடும் முன்பே வாய் 3 செ.மீ. திறந்திருந்தது. வலி வந்ததால்தான் ஊசி. ஊசியால் வலி வரவில்லை.

அந்த ஊசி வந்த வழியையும் மாமியாரிடம் சொல்லுங்கள். லிக்கின்ஸின் சோதனையில் சீக்கிரமே பிறந்த ஒரு குட்டி, கணக்குப்படி மூச்சுவிடவே முடியாத வயதில், மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இறந்த பின் பரிசோதித்தபோது அதன் நுரையீரல் எதிர்பார்த்ததைவிட விரிந்திருந்தது. கார்ட்டிசால் வலியை மட்டும் கொண்டுவரவில்லை, நுரையீரலையும் முதிரச் செய்திருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது. குழந்தைகள் மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். ஊசி பெறாதவர்களின் குழந்தைகளில் 25.8 சதவீதம் பேருக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் 9 சதவீதம். உங்கள் மகனுக்குக் கிடைத்தது அதுதான். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் தந்த ஊசிகள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

சரி, அந்த நொதி இல்லாத மனிதக் குழந்தை என்ன செய்கிறது? சும்மா இருப்பதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் அட்ரீனல் சுரப்பி வியப்பான ஒன்று. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் பெரும்பகுதி கருவில் மட்டுமே வேலை செய்யும் ஒரு தனி அடுக்கு; பிறந்த பின் அது சுருங்கி மறைந்துவிடும். அந்த அடுக்கு டி.எச்.இ.ஏ. சல்பேட் என்ற மூலப்பொருளைத் தயாரித்து அனுப்புகிறது. நஞ்சுக்கொடி அதை வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தாய்க்குக் கொடுக்கிறது. குழந்தையின் கல்லீரலும் இடையில் ஒரு கை வைப்பதால் கிடைப்பது ஈஸ்ட்ரையால் என்ற வகை. கர்ப்பிணியின் உடலில் ஓடும் ஈஸ்ட்ரையாலில் பெரும்பகுதி இப்படிக் குழந்தை அனுப்பிய சரக்கில் செய்ததுதான். தாயும் நஞ்சுக்கொடியும் குழந்தையும் சேர்ந்தால்தான் இந்த ஒரு ஹார்மோன் உருவாகும்.

சில ஆண் குழந்தைகளின் நஞ்சுக்கொடியில் அந்தச் சல்பேட்டைப் பிரிக்கும் நொதி பிறவியிலேயே இருக்காது. ஈஸ்ட்ரையால் மிகக் குறைவாக இருக்கும், பிறந்த பிறகு குழந்தைக்கு மீன் செதில் மாதிரித் தோல் உரியும். அந்தக் கர்ப்பங்களில் வலி தாமதமாவதுண்டு, கர்ப்பப்பை வாய் இளகாமல் அடம்பிடிப்பதுண்டு. ஆனாலும் பலருக்குத் தானாகவே வலி வந்து பிரசவம் ஆகிவிடுகிறது. அதாவது இது ஒரு முக்கியமான வழி, ஒரே வழி அல்ல. மனிதப் பிரசவத்தைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த “ஆனாலும்” வந்து நிற்கும்.

நஞ்சுக்கொடி சுரக்கும் இன்னொரு ஹார்மோன் சி.ஆர்.எச். பெரியவர்களின் மூளையிலும் இது உண்டு. அங்கே கார்ட்டிசால் கூடினால் சி.ஆர்.எச். அடங்கும். நஞ்சுக்கொடியில் நேர்மாறு. கார்ட்டிசால் கூடினால் சி.ஆர்.எச்.சும் கூடும், அது போய்க் குழந்தையின் அட்ரீனலை இன்னும் தூண்டும், மறுபடி கார்ட்டிசால். கடைசி வாரங்களில் இந்தச் சுழல் வேகம் பிடிக்கிறது. அதுவரை ரத்தத்தில் சி.ஆர்.எச்.சைப் பிடித்துவைத்திருக்கும் புரதமும் அந்த நேரம் பார்த்துக் குறைகிறது. 1995-ல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித் குழுவினர், குறைமாதத்தில் பெறப்போகும் பெண்களிடம் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே இதன் அளவு சராசரியைவிட அதிகமாகவும், நாள் கடந்து பெறுபவர்களிடம் குறைவாகவும் இருப்பதைக் காட்டினார்கள். நஞ்சுக்கொடிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. பரிசோதனைக் கூடத்தில் இதை அளந்து உங்களுக்குத் தேதி சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் அளவு அவ்வளவு மாறுகிறது.

குழந்தையின் நுரையீரலும் பேசுகிறது. முதிர்ந்த நுரையீரல் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருளைச் சுரந்து, குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிநீரில் கலக்கவிடும். அதிலுள்ள ஒரு புரதம் கர்ப்பப்பையில் அழற்சியைத் தூண்டி வலிக்குத் தயார்செய்வதை அமெரிக்காவின் டாலஸில் கரோல் மெண்டல்சன் குழு 2004-ல் எலிகளில் கண்டறிந்தது. “மூச்சுவிடத் தயார்” என்று நுரையீரலே தகவல் கொடுப்பது அழகான கதை. காணொளிகள் இதைத்தான் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. மனிதரிலும் இது அப்படியே நடக்கிறது என்பதற்கு இன்னும் உறுதியான நிரூபணம் இல்லை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இனி கர்ப்பப்பையின் பக்கம். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இங்கேதான். ஒன்பது மாதம் கர்ப்பப்பைத் தசை சும்மா கிடப்பதில்லை, அவ்வப்போது இறுகித் தளரும். பொய்வலி என்கிறோமே, அதுதான். ஆனால் அந்த இறுக்கம் அங்கங்கே தனித்தனியாக நடக்கும். பத்துப் பேர் ஒரு வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. கர்ப்பப்பை அந்த நிலையில் இருக்கும்படி புரோஜெஸ்டிரோன் பார்த்துக்கொள்கிறது. மாதம் நிறையும்போது தசை செல்களுக்கு இடையே கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன சிறு பாலங்கள் பெருகுகின்றன. ஒரு செல்லில் எழும் மின்துடிப்பு அடுத்த செல்லுக்குத் தாவி, முழுக் கர்ப்பப்பையும் ஒன்றாக இறுகுகிறது. கர்ப்பப்பையை இறுக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் அப்போதுதான் பெருகுகின்றன. அதனால்தான் 20-வது வாரத்தில் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் ஏற்றினால் லேசில் அசையாத கர்ப்பப்பை, 40-வது வாரத்தில் கொஞ்சம் ஏற்றினாலே இறுகுகிறது.

ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் குறையாமலே இதெல்லாம் எப்படி? தசை செல் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியில் முக்கியமாக இரண்டு வகை: பி வகை தசையை அமைதியாக்கும், ஏ வகை அந்த வேலைக்கு இடைஞ்சல் செய்யும். பிரசவம் நெருங்கும்போது ஏ வகையின் பங்கு கூடுகிறது. செல்லுக்குள் நுழையும் புரோஜெஸ்டிரோனை உடைத்துப்போடும் நொதியும் கூடுகிறது. கருக்கலைப்புக்குக் கொடுக்கும், புரோஜெஸ்டிரோன் ஏற்பியை மறிக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். ரத்தத்தில் அளவைக் குறைக்காமலே கர்ப்பப்பையை எழுப்பிவிடுகிறது.

இந்த மாற்றத்தைக் கொண்டுவருவதில் அழற்சிக்குப் பெரிய பங்கு. மாதம் நிறையும்போது மெதுவாக ஓர் அழற்சி தானாகவே வளர்கிறது. பனிக்குடச் சவ்வில், தசையை இறுக்கி வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தி கூடுகிறது, கர்ப்பப்பை வாயின் உறுதியான நார்கள் தளர்ந்து இளகுகின்றன. அப்புறம் குழந்தையின் தலை வாயை அழுத்த, அந்த அழுத்தம் நரம்பு வழியே தாயின் மூளைக்குப் போய், அங்கிருந்து ஆக்ஸிடோசின் வர, மேலும் இறுக, மேலும் அழுத்த... பிரசவம் பாதியில் நிற்காமல் போவது இந்தச் சுழலால்தான்.

இப்போது உங்கள் மகனிடம் வருவோம். அழற்சியை எழுப்பக் குழந்தையின் முதிர்ச்சி ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. யோனியிலிருந்து மேலேறும் கிருமி எழுப்பலாம். நஞ்சுக்கொடிக்குப் பின்னால் சிறிது ரத்தம் கசிந்தால், உறையும்போது உருவாகும் திராம்பினே தசையை இறுக்கும். இரட்டைக் குழந்தை, அதிகப் பனிநீர் என்றால் தசை அளவுக்கு மேல் விரிந்து தானே கிளம்பும். கர்ப்பப்பை வாய் இயல்பாகவே குட்டையாக இருந்தாலும் சீக்கிரம் திறக்கலாம். இந்த முறை உங்களுக்கு 22 மி.மீ. என்று வந்திருப்பதைப் பார்த்தால் போன முறையும் அதற்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம். இவை எல்லாம் வேறு வேறு வாசல்களில் நுழைந்து முடிவில் ஒரே பாதையில் சேர்ந்துகொள்கின்றன: புரோஸ்டாகிளாண்டின், இளகிய வாய், ஒன்றாக இறுகும் தசை. குழந்தை “சரி” சொல்வதற்காக அந்தப் பாதை காத்திருப்பதில்லை. உங்கள் மகன் தயாராகி அழைக்கவும் இல்லை, நீங்கள் அவனை வெளியேற்றவும் இல்லை. குறைமாதப் பிரசவங்களில் கணிசமானவற்றில் எது முதலில் தட்டியது என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடிவதில்லை.

உங்கள் அழுகையைப் பற்றி. மனஅழுத்தத்தில் தாயின் ரத்தத்தில் கார்ட்டிசால் கூடும், உண்மை. ஆனால் நஞ்சுக்கொடியில் அதற்கென்றே ஒரு நொதி காவல் இருக்கிறது. தாயிடமிருந்து வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிட்டுத்தான் குழந்தையின் பக்கம் விடுகிறது. (நுரையீரலுக்குப் போடும் பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் ஊசிகளை இந்த நொதியால் எளிதில் மாற்ற முடியாது. அதனால்தான் சாதாரண கார்ட்டிசாலைக் கொடுக்காமல் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.) மாதக்கணக்கில் நீளும் கடும் மனஅழுத்தத்துக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் ஆய்வுகள் ஒரு சிறு தொடர்பைக் காட்டுகின்றன. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஒரு வார அலுவலகச் சண்டையும் அழுகையும் 3 செ.மீ. வாயைத் திறந்துவிடும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. குறைமாதத்தில் பெற்ற தாய்மார்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வாரத்தைத் துருவித் துருவித் தேடி ஏதாவது ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்து வைத்திருப்பதைப் பார்க்கிறேன். மாடி ஏறினேன், பேருந்தில் போனேன், அழுதேன். மாதம் நிறைந்து பெற்றவர்களும் இதையெல்லாம் செய்தவர்கள்தான்; அவர்களை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இனி அந்த மாத்திரை. ரத்தத்தில் ஏராளமாக இருக்கும்போது எதற்கு என்பது நியாயமான கேள்வி. யோனியில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் பக்கத்திலேயே இருக்கும் கர்ப்பப்பை வாய்க்கு அதிக அளவில் நேரடியாகப் போய்ச் சேர்கிறது. அங்கே அழற்சியை அடக்கி வாய் சீக்கிரம் இளகாமல் பார்த்துக்கொள்கிறது என்பதுதான் நாம் புரிந்துவைத்திருக்கும் விளக்கம். விளக்கத்தைவிடப் பலன் தெளிவாக இருக்கிறது: ஒற்றைக் குழந்தை, வாயின் நீளம் 25 மி.மீ. அல்லது குறைவு என்றால், இதை வைத்துக்கொள்பவர்களிடம் 33 வாரத்துக்கு முன் பிறக்கும் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. வாராவாரம் போடும் புரோஜெஸ்டிரோன் வகை ஊசி பலன் தரவில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை 2023-ல் அதன் அனுமதியை விலக்கிக்கொண்டது. இணையத்தில் “புரோஜெஸ்டிரோன் வீண்” என்று படித்தால் அது அந்த ஊசியைப் பற்றிய செய்தி. உங்களுடையது வேறு. நடுவில் நிறுத்தாதீர்கள், பொதுவாக 34 முதல் 36 வாரம் வரை தொடரச் சொல்வார்கள்.

உங்களுக்கு முன்பே ஒரு குறைமாதப் பிரசவம் இருப்பதால், கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதும் ஒரு வழி. அதற்கு 24 வாரம் வரைதான் பொதுவாக நேரம். எனவே அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடாமல், “நீளம் இன்னும் குறைந்தால் தையல் போடலாமா?” என்று உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். படுக்கையிலேயே கிடக்க வேண்டியதில்லை. அதனால் குறைமாதப் பிரசவம் தவிர்வதில்லை. காலில் ரத்தக்கட்டு வரும் ஆபத்துதான் கூடும். சிறுநீர் எரிச்சல், காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை சீக்கிரம் பெற்றவர்களுக்கு அடுத்த முறையும் ஆபத்து கூடுதல்தான், என்றாலும் அவர்களில் பெரும்பாலானோர் அடுத்த முறை மாதம் நிறைந்தே பெறுகிறார்கள்.

37 வாரத்துக்கு முன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையோ அதைவிட அடிக்கடியோ வயிறு கல்லாக இறுகினால், ரத்தம் பட்டால், அடிவயிற்றில் கீழே இறங்குவது போல அழுத்தம் இருந்தால், போன முறை மாதிரி இடுப்பு வலி விட்டுவிட்டு வந்தால், பொய்வலியாக இருக்கும் என்று வீட்டில் காத்திருக்காமல் கிளம்புங்கள். 28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் அப்படியே. சீக்கிரம் போனால் ஊசிக்கு நேரம் கிடைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கேட்கக் கூச்சப்படுவது. இரவில் வைத்த மாத்திரையின் மிச்சம் காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் கசியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறமில்லாமல் தண்ணீராக வந்து, நாப்கின் மாற்றிய பிறகும் தொடர்ந்து நனைந்தால் அது பனிநீராக இருக்கலாம். அப்போது நேரம் எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.